முதல் பாராகிளைடருக்கு எந்த அளவு?

கேள்வி: என் எடை 68 கிலோ. நான் வாங்க நினைக்கும் மாடல் 65–85, 75–95 என்ற இரு அளவுகளில் வருகிறது. சிறிய அளவே போதும் அல்லவா?

பதில்: போதாது. அந்த எண்கள் உடல் எடையைக் குறிப்பவை அல்ல. உடல், உடை, காலணி, ஹெல்மெட், ஹார்னஸ் (விமானி அமர்ந்து தொங்கும் பட்டை இருக்கை), ரிசர்வ் பாராசூட் (ஆபத்து நேரத்துக்கானது), தண்ணீர், பாராகிளைடர் என மேலே எழும் எல்லாவற்றின் மொத்த எடையையே அவை குறிக்கின்றன. தொடக்க நிலைக் கருவிகள் பொதுவாக 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். 17 கிலோ என்று வைத்துக்கொண்டால் உங்கள் மொத்த எடை 85 கிலோ. அதாவது சிறிய அளவின் உச்ச வரம்பிலேயே நிற்கிறீர்கள். குளிருக்கு ஒரு தடித்த ஜாக்கெட் அணிந்தாலே வரம்பைக் கடந்துவிடுவீர்கள், அதற்கு மேல் அந்தப் பாராகிளைடரின் சான்றிதழ் உங்களுக்குப் பொருந்தாது. 75–95 அளவில் நீங்கள் சரியாக நடுவில் இருப்பதால் அதையே வாங்குங்கள். ஆனால் காகிதக் கணக்கை நம்பாமல், எல்லாவற்றையும் முதுகில் சுமந்தபடி எடைப் பொறியில் ஏறிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: அளவு மாறினால் பறப்பதில் உண்மையில் என்ன மாறுகிறது?

பதில்: வேகம் மாறுகிறது, சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறது என்பது) ஏறக்குறைய மாறுவதில்லை. வேகம், ஒரு சதுர மீட்டர் துணி தாங்கும் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். அதே 85 கிலோவை 26 சதுர மீட்டருக்குப் பதில் 24 சதுர மீட்டர் துணி சுமந்தால், மணிக்கு 37 கி.மீ. என்பது ஏறத்தாழ 38.5 ஆகும்; கீழிறங்கும் வேகமும் அதே 4 சதவீதம் கூடும். எண்ணில் இது அற்பமாகத் தோன்றினாலும் கையில் உணரப்படுவது அதைவிட அதிகம்: அதிக எடையைச் சுமக்கும் விதானம் (பாராகிளைடரின் துணி இறக்கை) விறைப்பாக நின்று எளிதில் மடியாது, ஆனால் மடிந்தால் அதன் எதிர்வினை வேகமாக இருக்கும். இமாசலப் பிரதேசத்தின் பில்லிங் போல வெப்பக் காற்று வலுவாக எழும் இடங்களில் எடை வரம்பின் மேல் பாதியில் பறப்பதையே பரிந்துரைப்பேன். காற்று மென்மையாக வீசும் பயிற்சிச் சரிவுகளில் நடுப்பகுதியே போதும்.

கேள்வி: இ.என்.-ஏ (ஐரோப்பியத் தரநிலையில் தொடக்கநிலையினருக்கு ஏற்ற வகுப்பு) சான்றிதழ் பெற்ற மாடலில் எல்லா அளவுகளும் ஒரே மாதிரிப் பாதுகாப்பானவைதானா?

பதில்: மாடலின் பெயருக்குச் சான்றிதழ் தரப்படுவதில்லை, ஒவ்வொரு அளவும் அதன் குறைந்தபட்ச, அதிகபட்ச எடைகளில் தனித்தனியே பறந்து சோதிக்கப்படுகிறது. சில மாடல்களில் மிகச் சிறிய அளவு மட்டும் அடுத்த, கூடுதல் திறமை கேட்கும் பி வகுப்புக்குப் போய்விடுவதும் உண்டு. காரணம் எளியது: விதானத்தைச் சுருக்கும்போது கயிறுகளின் நீளமும் குறைகிறது, விமானி குட்டையான ஊசலில் தொங்குவதால் எல்லா அசைவும் விரைவாகிறது. விதானம் பறக்கும் திறனை இழக்கும் முன் பிரேக்கைக் கீழே இழுக்கக்கூடிய தூரத்துக்கான விதியும் அளவை ஒட்டியே அமைந்துள்ளது. ஏ வகுப்பில், அதிகபட்ச எடை 80 கிலோ வரையுள்ள அளவுகளுக்கு அது 55 செ.மீ.க்கு மேலும், 80 முதல் 100 கிலோ வரை 60 செ.மீ.க்கு மேலும், அதற்கும் மேல் 65 செ.மீ.க்கு மேலும் இருக்க வேண்டும். எனவே விளம்பரத் தாளை விட்டுவிட்டு, உங்கள் அளவுக்குரிய சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தொடக்கநிலை வடிவங்கள் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன?

பதில்: பக்கவாட்டில் நீண்டு ஒடுங்கிய இறக்கை நன்றாகச் சறுக்கும். ஆனால் அதன் நுனி மடிந்தால் கயிறுகளில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம், திரும்பும் விசையும் கூடும். அதனால் மோஜோ, ஆல்ஃபா, பொலேரோ போன்ற ஏ வகுப்பு மாடல்களின் வடிவமைப்பாளர்கள் அகல விகிதத்தை (இறக்கையின் பக்கவாட்டு நீளம் அதன் முன்பின் அகலத்தைப் போல் சராசரியாக எத்தனை மடங்கு என்பதை) 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வைத்து, காற்று நிரம்பும் துணி அறைகளையும் குறைவாக அமைக்கிறார்கள். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு, உங்கள் எடைக்குப் பொருந்தும் அளவு எதில் இருக்கிறதோ அதுவே என்பது என் பதில்.

கேள்வி: நண்பர் தம்முடைய பழைய பாராகிளைடரைக் குறைந்த விலைக்குத் தருகிறார். அவர் என்னைவிட 20 கிலோ அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வரம்புக்குக் கீழே பறந்தால் விதானம் தளர்ந்து, எதிர்க்காற்றில் முன்னேற முடியாமல் பின்னோக்கித் தள்ளப்படலாம். உங்கள் அளவிலேயே பழையது கிடைத்தால், துணியின் காற்றுக்கசிவையும் கயிறுகளின் நீளத்தையும் பட்டறையில் அளந்த அறிக்கையைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.