500 விஏ என்று போட்டிருக்கிறது. 300 வாட் லோடு ஏன் ஓடவில்லை?

கேள்வி: பவர் சப்ளைகளைச் சோதிக்க 500 விஏ (வோல்ட் × ஆம்பியர்) ப்ரோக்ராமபிள் ஏசி சோர்ஸ், அதாவது வோல்ட்டையும் அதிர்வெண்ணையும் நாமே அமைக்கக்கூடிய ஏசி மின்சாரக் கருவி ஒன்று வாங்கினோம். 300 வாட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) ஒன்றை மாட்டி 230 வோல்ட்டில் அவுட்புட்டை ஆன் செய்தால் அந்த நொடியே ஓவர் கரன்ட் காட்டி ட்ரிப் ஆகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 500 விஏ, 230 வோல்ட் என்றால் சுமார் 2.2 ஆம்பியர்தான். பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சீராக்கும் சுற்று) இல்லாத 300 வாட் சப்ளையின் பவர் ஃபேக்டர், அதாவது வாட்டுக்கும் விஏ-க்கும் உள்ள விகிதம், 0.6 அளவில் இருக்கும். 300-ஐ 0.6-ஆல் வகுத்தால் 500 விஏ. சாதாரணமாக ஓடும்போதே விளிம்பில் நிற்கிறீர்கள். அதோடு, இந்த வகை லோடு மின்னோட்டத்தைச் சைன் அலையாக இழுக்காது. அலையின் உச்சியில் மட்டும் ஊசி போல இழுக்கும். கிரெஸ்ட் ஃபேக்டர் (உச்ச மின்னோட்டம் ஆர்எம்எஸ் அளவைப் போல எத்தனை மடங்கு என்பது) 3 என்று வைத்தால் உச்ச மின்னோட்டம் 6.6 ஆம்பியர்.

உடனடியாக ட்ரிப் ஆவதற்குக் காரணம் இன்னொன்று. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். வழியில் தொடக்க மின்னோட்டத்தைத் தடுக்கும் 5 ஓம் தெர்மிஸ்டர் மட்டும் இருந்தால், முதல் கணத்தில் 65 ஆம்பியர் வரை கேட்கும். சுவர் பிளக் அதைக் கொடுத்துவிடும். 500 விஏ சோர்ஸ் கொடுக்காது.

செய்ய வேண்டியது: அவுட்புட்டை 0 வோல்ட்டில் ஆன் செய்து, 1 முதல் 2 நொடியில் 230-க்கு ஏறும்படி ராம்ப் அமையுங்கள். அதுவரை சப்ளையின் டிசி பக்கத்தில் லோடு போடாதீர்கள். குறைந்த வோல்ட்டில் லோடு இருந்தால் அது அதிக ஆம்பியர் இழுக்கும். ராம்ப் வேண்டாம் என்றால் ஸ்டார்ட் ஃபேஸை (அலையின் எந்த இடத்தில் அவுட்புட் ஆன் ஆக வேண்டும் என்பதை) 0 டிகிரியில் வையுங்கள். 90 டிகிரியில் ஆன் செய்வதுதான் கெப்பாசிட்டருக்கு மோசமான தருணம். டிரான்ஸ்ஃபார்மர் லோடுக்கு இது நேர் எதிர்: அங்கே 0 டிகிரியில்தான் கோர் செறிவடைந்து கரன்ட் எகிறும், 90 டிகிரி நல்லது.

இன்ரஷ், அதாவது ஆன் செய்யும் கணத்தில் பாயும் மின்னோட்டம், எவ்வளவு என்று அளப்பதே உங்கள் நோக்கமானால், இந்த வழிகள் எதுவும் உதவாது. உச்ச மின்னோட்டம் போதுமான பெரிய சோர்ஸ்தான் வேண்டும். வாங்கும் முன் விஏ எண்ணை மட்டும் பார்க்காமல், "230 வோல்ட்டில் தொடர்ந்து எத்தனை ஆம்பியர், உச்சத்தில் எத்தனை ஆம்பியர், அந்த உச்சம் எவ்வளவு நேரம்?" என்று எழுத்தில் கேளுங்கள். இதற்கு நேரான பதில் வராத கருவியை விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: விவரத்தாளில் 4.2 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு 2.1-க்கு மேல் வரவில்லையே?

பதில்: அந்த 4.2, 150 வோல்ட் ரேஞ்சுக்கு உரியது. 300 வோல்ட் ரேஞ்சுக்கு மாறினால் பாதியாகிவிடும். இரண்டிலும் விஏ ஒன்றே. அதே போல, 24 வோல்ட்டில் சோதிக்கும்போது 500 விஏ கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 24 × 4.2, அதாவது சுமார் 100 விஏதான் கிடைக்கும். ஆட்டோ ரேஞ்சில் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. பல மாடல்களில் ரேஞ்ச் மாறும்போது அவுட்புட் ஒரு கணம் அறுந்து போகும். 110-லிருந்து 230-க்குப் போகும் ப்ரோக்ராம் எழுதினால் ஹை ரேஞ்சிலேயே பூட்டி வையுங்கள்.

கேள்வி: 2 கேவிஏ கருவி வருகிறது. சாதாரண பிளக்கில் மாட்டலாமா? நிறுவும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் உள்ளே எவ்வளவு வாங்கும் என்று கணக்கிடுங்கள். 2000 வாட் அவுட்புட், திறன் 80 சதவீதம் என்றால் இன்புட் 2500 வாட். 230 வோல்ட்டில் 11 ஆம்பியர்; லைன் 200-க்கு இறங்கினால் 12.5. எனவே வேறு எதுவும் தொங்காத தனி 16 ஆம்பியர் சர்க்யூட், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, சி வகை எம்சிபி. பி வகை போட்டால் ஸ்விட்ச் போடும்போதே சில நேரம் விழும். லீனியர் ஆம்ப்ளிஃபையர் வகையானால் திறன் இன்னும் குறைவு, சூடும் அதிகம். கணக்கை அதற்கேற்ப மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த் கட்டாயம். உள்ளே உள்ள இஎம்ஐ ஃபில்டர் (மின்காந்த இரைச்சலைத் தடுப்பது) எப்போதும் சில மில்லியாம்பியரை எர்த்துக்குக் கசியவிடும். எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியைத் தொடும் கைக்கு வரும். ஒரே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியில் (எர்த்துக்குக் கசிவு கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இப்படி நாலைந்து கருவிகளை மாட்டி, "காரணமில்லாமல் விழுகிறது" என்று கருவியைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. கசிவுகளைக் கூட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

பின்புறம் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது லோடு இல்லாமல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வைத்து, ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் டெர்மினலிலேயே அளந்து பாருங்கள். பிறகு ஹீட்டர் போன்ற ரெசிஸ்டிவ் லோடில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். குண்டு பல்பு வரிசை இதற்கு ஏற்றதல்ல. குளிர்ந்த இழை, எரியும்போது எடுப்பதைப் போல 10 மடங்கு வரை முதலில் இழுக்கும். ஓவிபி (அதிக வோல்ட் பாதுகாப்பு), ஓசிபி (அதிக கரன்ட் பாதுகாப்பு) எல்லைகளை உங்கள் பொருளுக்கு ஏற்ப வைத்த பிறகே அதை மாட்டுங்கள். 24 வோல்ட் போர்டை மாட்டிவிட்டு முந்தைய சோதனையின் 230-லேயே அவுட்புட் பட்டனை அழுத்துவது அடிக்கடி நடக்கும் விபத்து.

கேள்வி: அவுட்புட்டின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிகிறது. நியூட்ரலை எங்காவது இணைக்க வேண்டுமா?

பதில்: பல மாடல்களில் அவுட்புட் இன்புட்டிலிருந்து பிரிக்கப்பட்டு மிதக்கும். ஃபில்டர் கெப்பாசிட்டர்களால் ஒவ்வொரு முனையும் எர்த்தைப் பொறுத்து ஏறக்குறைய பாதி வோல்ட்டில் நிற்கும். அதனால்தான் இரண்டிலும் எரிகிறது. மிதக்கும் நிலையில் அவுட்புட் பக்கம் ஆர்சிசிபி போட்டாலும் அது உங்களைக் காப்பாற்றாது. கசிவு திரும்பி வர வழியில்லை. உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால், அவுட்புட் நியூட்ரலை ஒரே ஓர் இடத்தில் எர்த்துடன் இணைத்து, அதற்குப் பின் ஆர்சிசிபி வையுங்கள். சுவரின் நியூட்ரலோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவுட்புட்டைச் சுவர் மின்சாரத்தோடு ஒரு கணம் இணைத்தாலும் கருவியின் அவுட்புட் பகுதி பழுதாகிவிடும். கிரிட்டோடு இணையும் சோலார் இன்வெர்ட்டரைச் சோதிக்க விரும்புபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்கும் ரீஜெனரேட்டிவ் சோர்ஸ் தனி வகை, விலையும் தனி.

கேள்வி: திரையில் 115.0 வோல்ட். பொருளின் முனையில் 113.7. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரி. 1.5 சதுர மி.மீ. நெளியும் கம்பி 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், சுமார் 0.13 ஓம். 10 ஆம்பியரில் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. ரிமோட் சென்ஸ் முனைகளிலிருந்து (தூரத்தில் உள்ள வோல்ட்டை அளந்து ஈடுகட்டும் முனைகள்) இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பொருளின் முனைக்கே கொண்டுபோங்கள். லைன், நியூட்ரல் மாறக் கூடாது. சென்ஸ் கம்பி கழன்றால் சில கருவிகள் வோல்ட்டை மேலே தள்ளப் பார்க்கும். அதனால் ஓவிபி எல்லையை நெருக்கமாக வையுங்கள்.

கேள்வி: வேரியாக் (கைப்பிடியைத் திருப்பி வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர்) போதாதா?

பதில்: வோல்ட் மட்டும் மாறினால் போதும் என்றால் போதும். அதிர்வெண் மாறாது, சுவரின் அழுக்கு அப்படியே வரும், தனிமைப்படுத்தலும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் பகுதிக்கு விற்கும் பொருளுக்கு வேரியாக் பதிலாகாது. 60-க்கு மட்டும் வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் அதே வோல்ட்டில் 50-ல் அதிகக் காந்தமூட்டு மின்னோட்டம் இழுத்துச் சூடாகும்.

கேள்வி: இந்தக் கருவி இருந்தால் ஐஇசி 61000-4-11 வோல்டேஜ் டிப் (வோல்ட் சட்டென்று சரிவதைப் பொருள் தாங்குகிறதா என்ற) சோதனையை நாங்களே முடித்துவிடலாம் என்கிறார் விற்பனையாளர்.

பதில்: முன்சோதனை செய்யலாம், சான்றுக்கு அநேகமாகப் போதாது. அந்தத் தரத்தில் வோல்ட் 1 முதல் 5 மைக்ரோ நொடிக்குள் மாற வேண்டும். மேசைமேல் வைக்கும் பல சோர்ஸ்கள் அதற்குப் பல பத்து மைக்ரோ நொடி எடுக்கும். கருவியின் மாற்ற வேகம் என்ன என்று கேளுங்கள். 61000-3-2 ஹார்மோனிக்ஸ் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைகள்) சோதனைக்கும் இதே கதை: சோர்ஸின் வோல்ட்டில் மூன்றாம் ஹார்மோனிக் 0.9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் லோடு போட்ட நிலையில். லோடு இல்லாமல் அளந்த டிஎச்டியை (மொத்த ஹார்மோனிக் சிதைவு) காட்டினால் ஏற்காதீர்கள்.

கேள்வி: பழையது ஒன்று மலிவாக வருகிறது.

பதில்: முழு லோடில் அரை மணி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம், ரேஞ்ச் ரிலே தடுமாறுவது, ஸ்கோப்பில் அலையின் உச்சி தட்டையாவது ஆகிய மூன்றையும் பாருங்கள். லோடு ஏறும்போது திரை ட்ரிப் காட்டாமல் வோல்ட் மட்டும் இறங்கினால் ஃபோல்ட்பேக் அமைப்பு (ட்ரிப் ஆகாமல் வோல்ட்டைக் குறைத்து கரன்ட்டைக் கட்டுப்படுத்துவது) ஆனில் இருக்கலாம். அதை ஆஃப் செய்து மறுபடி பார்த்த பிறகு விலை பேசுங்கள்.