சடைக்குப் பூ யார் சொல்வது?

கல்யாணப் பூ வேலை செய்கிற வாசகர்களின் கேள்விகளுக்கு, மாமியார் காலத்திலிருந்து காரைக்குடியில் மணமாலை கட்டிவரும் பூக்கடைக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆர்டர் கொடுக்க வருவது பெண்ணின் அம்மாவும் அத்தையும். பெண் கூட வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணத்தன்று மட்டும் ‘நான் கேட்டது இது இல்லை’ என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, தேவகோட்டை

காசு ஆச்சி கையில், அதாவது பெண்ணின் அம்மா கையில் இருக்கிறது. அதனால் நாமும் ஆச்சி முகத்தைப் பார்த்தே பேசி முடித்துவிடுகிறோம். பெண் போனைப் பார்க்காமல் வேறு என்ன செய்வாள்? வாசல் தோரணம், மணவறை, வருகிறவர்களுக்குத் தட்டில் வைக்கிற பூ எல்லாம் ஆச்சியிடம் பேசுங்கள். சடையையும் மாலையையும் பெண்ணிடம் பேசுங்கள். நான் நேராகவே சொல்லிவிடுவேன்: “ஆச்சி, பந்தல் கணக்கை அப்புறம் பாப்போம். இப்ப தங்கச்சிகிட்ட கொஞ்சம் கேட்டுக்கிறேன்.” யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அத்தைமார் மட்டும் நடுவில் புகுந்து பதில் சொல்வார்கள். அவர்களுக்குக் காபி சொல்லிவிடுங்கள்.

பெண்ணிடம் ‘என்ன பூ வேணும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். உடனே இன்ஸ்டாகிராம் படத்தை நீட்டுவாள். சொந்த முடி எவ்வளவு, சவுரி வைக்கிறாளா, முகூர்த்தப் புடவை என்ன நிறம், தலையில் எத்தனை மணிக்கு வைத்து எப்போது எடுப்பாள் என்று கேளுங்கள். தோள் வரை வெட்டிய முடியில், வாழைப்பட்டையில் தைத்த முழு நீளச் சடை நிற்காது. எங்கே பின்னலாம், எங்கே முடியலாம் என்று அலங்காரம் செய்கிற பெண்ணிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று, மல்லிகை வாசனை ஒத்துக்கொள்ளுமா என்று கட்டாயம் கேளுங்கள். தலைவலி வரும் என்று அம்மா முன்னால் சொல்லத் தயங்குகிற பெண்கள் நிறையப் பேர். கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை, பாரமும் இல்லை. சடை முழுக்க அதையே வைத்து, ஓரத்தில் ஒரு வரிசை மல்லிகை ஓட்டினால் பெண்ணுக்கும் தொல்லை இல்லை, ஆச்சிக்கும் மனக்குறை இல்லை.

படத்தில் இருப்பது குளிர் ஊர்ப் பூவாக இருந்தால், சித்திரை வெயிலில் நம் ஊரில் அது பந்தி முடியும் வரை தாங்காது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த நிறத்துக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். வெள்ளைக்குச் சம்பங்கி போதும். வெளிர்சிவப்புக்குப் பன்னீர் ரோஜா இருக்கிறது, ஆனால் அது இதழ் உதிர்க்கும். அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஆவணியில் விலை பேசி முன்பணம் வாங்கினேன். தை முகூர்த்தத்தில் மல்லிகை தாறுமாறாக ஏறிவிட்டது. கூடக் கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் கைக்காசு போகிறது. – வாசகர், புதுவயல்

தையில் மல்லிகை ஏறுவது ஒன்றும் புது விஷயம் இல்லை. பனிக் காலத்தில் செடி மொட்டு வைப்பது குறைந்துவிடும். முகூர்த்த நாளும் பொங்கலும் சேர்ந்தால், கோடையில் சில நூறுக்குப் போகிற பூ கிலோ ஆயிரங்களைத் தாண்டிவிடும். மதுரை மாட்டுத்தாவணிக்கோ நிலக்கோட்டைக்கோ விடியுமுன் போகிற நமக்கு இது தெரியும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிற வீட்டுக்காரருக்குத் தை மாத விலை தெரியாது. சொல்ல வேண்டியது நாம்தான்.

நான் சீட்டில் மூன்று விஷயம் எழுதுவேன். மல்லிகை இத்தனை கிலோ. விலை இதற்கு மேல் போனால் இன்ன அளவு குறைத்து, மீதிக்கு முல்லையோ, மல்லிகை மாதிரி இருக்கிற காக்கரட்டான் பூவோ. பெண்ணின் தலைக்கு மட்டும், என்ன விலையானாலும் மல்லிகைதான். இதில் பெண்ணும் கையெழுத்துப் போடட்டும். ஏறின பிறகு சொல்லாமல் காக்கரட்டானைக் கலந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆச்சிமார் மூக்கை ஏமாற்ற முடியாது ஐயா, தட்டைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

முழக் கணக்கும் வேண்டாம். உங்கள் கை ஒரு நீளம், கட்டுகிற அம்மாள் கை ஒரு நீளம். அடிக் கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி: நகரத்தார் வீட்டுப் பெண்ணுக்கு முதல் தடவையாக மாலை கட்டப்போகிறேன். தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா? – வாசகி, திருப்பத்தூர்

கழுத்துருவைக் கவனியுங்கள். திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, கழுத்தில் ஏறுகிற கனமான தங்கம் அது. பல உருப்படிகள் கோத்திருக்கும். தடித்த ரோஜா மாலை அதை முழுக்க மறைத்துவிடும், அப்புறம் போட்டோவில் பூதான் தெரியும். ஜரிகை நூலும் கம்பியும் உருப்படிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், மேடையில் நாலு பேர் சுற்றி நின்று பிரிக்க வேண்டியிருக்கும். மாலையில் கம்பியே வேண்டாம். கழுத்தில் படுகிற இடத்தை ஒல்லியாகக் கட்டி மெல்லிய துணி சுற்றுங்கள். எவ்வளவு நீளத்தில் நின்றால் கழுத்துரு தெரியும் என்று, வெறும் நார் ஒன்றை அவள் கழுத்தில் போட்டு முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். பெண் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்து கடைசி வாரத்தில்தான் வருகிறாள் என்றால், வீடியோ காலில் அவளே ஒரு துப்பட்டாவைப் போட்டுக் காட்டட்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி கடை அடைத்துவிட்டுக் கூப்பிடாதீர்கள், தூங்கியிருப்பாள்.

கேள்வி: பெரிய வீட்டில் கல்யாணம். ஆணி அடிக்காதே, டேப் ஒட்டாதே என்கிறார்கள். எப்படித்தான் அலங்கரிப்பது? – வாசகர், பள்ளத்தூர்

அவர்கள் சொல்வது நியாயம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுவரில் டேப்பை உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். பர்மாத் தேக்குத் தூணில் ஆணி ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். தூணுக்குப் பருத்திக் கயிறு, மற்ற இடத்துக்குத் தனியாக நிற்கிற சட்டம். இரும்புச் சட்டத்தை ஆத்தங்குடிக் கல் மேல் ஈரத்தோடு வைக்காதீர்கள், துருக் கறை போகாது. கீழே கோணி போடுங்கள். ராத்திரியே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பூ இல்லாமலே பாதி அழகு இருக்கிறது, மூடி மறைத்துக் காசு வாங்காதீர்கள்.

கேள்வி: பெண்ணின் அம்மா கணவரை இழந்தவர். எல்லாப் பெண்களுக்கும் பூ கொடுக்கும்போது அவருக்கும் தட்டை நீட்டலாமா? – வாசகி, கோட்டையூர்

முதல் நாளே பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அம்மாவின் மனசு அவளுக்குத்தான் தெரியும். ‘அம்மாவுக்கும் வேணும்க்கா’ என்று கண் கலங்கச் சொன்ன பெண்கள் உண்டு. ‘வேண்டாம், அவங்க சங்கடப்படுவாங்க’ என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டும் என்றால் கூட்டத்துக்கு நடுவில் நீட்டாமல், காலையில் அறைக்குள்ளேயே ஒரு சரம் கொடுத்துவிடுங்கள். உறவுக்காரர் யாராவது முகம் சுளித்தால் அதற்குப் பதில் சொல்வது நம் வேலை இல்லை. என் கருத்தைக் கேட்டால், நான் நீட்டுவேன்.

கேள்வி: முகூர்த்தத்துக்குள் மல்லிகை மலர்ந்து பழுப்பேறிவிட்டது என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? – வாசகர், காளையார்கோவில்

காலையில் பறித்த மொட்டு அன்றைக்குச் சாயங்காலமே விரிந்துவிடும். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்றால், கட்டிய சரத்தை ஈரத் துணியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்கு மேலே வைக்க வேண்டும். நடுவில் தாள் போட வேண்டும், ஐஸ் நேராகப் பட்டால் பூ கறுத்துவிடும். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பேசாமல் பணத்தைக் கொடுங்கள். செய்துகொடுத்து, அவர்கள் பெட்டியைத் திறந்து ஃபேனுக்குக் கீழே வைத்திருந்தால் முழுசும் தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மண்டபத்தில் நின்று யார் தப்பு என்று பேசாதீர்கள். நான் ஒரு ஜோடி மாலையும் தலைக்கு ஒரு சரமும் கூடுதலாகக் கொண்டுபோவேன், ஊசி நூலோடு ஒரு பெண் திருப்பூட்டு முடியும் வரை அங்கேயே இருப்பாள். மாலை மாற்றும்போது மச்சான்மார் தூக்கிப்பிடித்து விளையாடுவதில் மாலை அறுவது சகஜம். அந்தச் செலவை முதலிலேயே விலையில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கொண்டை ஊசி யார் கொண்டுவருவது? – வாசகி, கானாடுகாத்தான்

நீங்கள்தான். கறுப்பு, இரண்டு அட்டை.