பாட்டி பெட்டியில் கிடைத்த அருளானந்தர் திருப்பண்டம்: பதில்

தம்பி, தொண்டியில் பாட்டி இறந்த பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) பெயர் எழுதிய சின்ன உலோகச் சிமிழும் ஒரு துணி முடிச்சில் ஓரியூர் செம்மண்ணும் கிடைத்தன, சிமிழை ஒருவர் விலைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள். திருப்பண்டங்களை, அதாவது புனிதர்களின் உடல் பகுதி அல்லது அவர்கள் பயன்படுத்திய பொருளை, விற்கவே கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1190 நேரடியாகச் சொல்கிறது.

சிமிழைத் திறந்தும் பார்க்க வேண்டாம். பின்பக்கம் நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது உடைந்தால் உள்ளே இருப்பது யாருடையது என்று உறுதிசெய்வது ரொம்பக் கஷ்டமாகிவிடும். அப்புறம் பாட்டியின் ஜெபப் புத்தகங்களுக்குள் லத்தீனில் அச்சடித்து முத்திரை குத்திய தாள் ஏதாவது மடித்துக் கிடக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள், அதுதான் திருப்பண்டம் உண்மையானது என்பதற்கான சான்றிதழ். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பங்குச் சாமியாரிடம் காட்டுங்கள், அவர் சிவகங்கை ஆயர் இல்லத்துக்குத் தெரிவிப்பார். சான்று இல்லாததைக் கோவிலில் முத்தி செய்ய (முத்தமிட்டு வணங்க) வைக்க மாட்டார்கள். அதனால் அது போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

மண் விஷயம் வேறு. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடத்து மண் அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது நம் மக்களின் நம்பிக்கை, எங்கள் அம்மாவும் காய்ச்சல் வந்தால் அதைத்தான் நெற்றியில் பூசிவிடுவார். அதற்குச் சான்றிதழ் எல்லாம் யாரும் கேட்பதில்லை. வீட்டில் வைக்க மனமில்லை என்றால் குப்பையில் கொட்டாமல், ஓரியூர் போகும்போது அங்கேயே சேர்த்துவிடுங்கள், தொண்டியிலிருந்து பக்கம்தானே.