டிவி டெஸ்டிங் வேலை: வெறும் பட்டன் தட்டும் வேலையா?

அம்மா, வணக்கம். தம்பி டிப்ளமோ இசிஇ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிவி தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவுக்குப் போகப்போவதாகச் சொன்னீர்கள். "நாள் முழுக்க பட்டன் தட்டுற வேலைதானே" என்ற உங்கள் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது.

அங்கே பேட்டர்ன் ஜெனரேட்டர் என்று ஒரு கருவி இருக்கும். கலர் பட்டைகள், கட்டங்கள் போன்ற சோதனைப் படங்களைத் திரைக்கு அனுப்புவது அதுதான். யாரோ சேமித்து வைத்த புரோகிராமை ஓட்டி பாஸ், ஃபெயில் போடுவது மட்டும்தான் தம்பியின் வேலை என்றால், சில மாதங்களுக்கு மேல் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. அந்த புரோகிராமுக்குள் டைமிங் எண்களைப் போடுகிறாரே ஒருவர், தம்பி போய்ச் சேர வேண்டிய இடம் அவருடையது.

பயப்படும்படியான கணக்கு இல்லை அது. 1920க்கு 1080 படம், நொடிக்கு 60 முறை என்று வையுங்கள். ஒரு வரியில் படத்துக்கு 1920 பிக்சல். அதோடு ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே படம் இல்லாத இடைவெளியின் மூன்று பகுதிகள், ஃபிரண்ட் போர்ச் 88, சிங்க் 44, பேக் போர்ச் 148 சேர்ந்தால் 2200. வரிகளும் அப்படித்தான், 1080 இல்லை, மொத்தம் 1125. 2200ஐ 1125ஆலும் 60ஆலும் பெருக்கினால் வருவது 148.5 மெகாஹெர்ட்ஸ். இதுதான் பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்கள் போகும் வேகம். எண்ணைத் தப்பாகப் போட்டு அது பேனல் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் படமே வராது. நல்ல பேனல் ஃபெயில் என்று ஓரமாகப் போய்விடும். அந்த நேரத்தில் குறை பேனலிலா, டைமிங்கிலா என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

இதை வீட்டிலேயே பழகலாம். லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் சிவிடி (cvt) என்ற கட்டளைக்கு இதே அளவைக் கொடுத்தால் 173 மெகாஹெர்ட்ஸ் என்று வரும். குறைந்த பிளாங்கிங், அதாவது படம் இல்லாத அந்த இடைவெளியைக் குறைத்துக் கேட்டால் 138.5. படம் ஒன்றுதான், கிளாக் மட்டும் ஏன் வேறு? பழைய பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை அடுத்த வரிக்குத் திரும்பி வர நேரம் வேண்டும், அதற்காக 2576 பிக்சல் வரை வரியை நீட்டினார்கள். எல்சிடிக்கு அது தேவையில்லை, 2080 போதும். தம்பி இதைத் தானே போட்டுப் பார்த்து உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். சொல்லும்போது அவன் முகத்தில் ஆர்வம் தெரிகிறதா என்று பாருங்கள். மார்க் ஷீட்டை விட எனக்கு அதுதான் முக்கியம்.

சேருவதற்கு முன் அங்கே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். புது மாடல் வரும்போது டைமிங் புரோகிராமை இங்கேயே எழுதுகிறார்களா, வெளியிலிருந்து வருகிறதா? வேலை கம்பெனி ரோலிலா, கான்ட்ராக்டிலா? இங்கேயே எழுதுகிறார்கள், கம்பெனி ரோல் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். இரண்டும் இல்லையென்றால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதே நல்லது. அதனால் பதில் வரும்வரை காத்திருக்காமல் லேட்டரல் என்ட்ரி விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.