வினாக்கொத்தோடு வந்தார்கள், விடையோடு வரவில்லை

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் வினாக்கொத்தோடு வருகிறார்கள், கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். முடிவு என்று ஒரு துண்டுக் காகிதம்கூட ஊருக்கு வந்ததில்லை. அறை வாடகையைத் தவிர எங்களுக்கு இதனால் என்ன பயன்?
– வாசகி ஒருவர், வன்னி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் போத்தலை நிரப்பிக் கொடுத்த அன்று, "முடிவை எப்போது, யாரிடம் தருவீர்கள்?" என்று ஊரில் யாராவது கேட்டீர்களா? கேட்டு எழுத்தில் வாங்காத வரை அது ஒரு மாணவரின் பட்டத்துக்கான மாதிரி மட்டுமே.

வன்னிக்கு உயர்கல்வி சும்மா வந்து சேரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் இடம்பெயர்ந்து, பிறகுதான் கிளிநொச்சி மாவட்டத்து அறிவியல்நகருக்குத் திரும்பியது. அதே பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். இவ்வளவு பாடுபட்டு வந்த ஒன்றை மதிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தொடர்பு அறுவது எங்கே? ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இறுதியாண்டு மாணவர்கள். மாதிரி எடுக்கிறார்கள், ஆய்வறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி ஒப்படைக்கிறார்கள், பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். அறிக்கை நூலகத்தில் இருக்கும். அடுத்த அணி வேறு தலைப்போடு வரும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்தான் ஆண்டாண்டாக அங்கேயே இருப்பவர். வாக்குறுதியை அவரிடம் வாங்குங்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயும் கிணற்று நீரில் புளோரைட்டும் பல குடும்பங்களின் கவலை. குடிநீரில் புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இலங்கைத் தரம். மூன்று கிணறுகளில் 0.3, 0.5, 1.9 என்று வந்தால் சராசரி 0.9. "இக்கிராமத்து நீர் தரத்துக்கு உட்பட்டது" என்று அறிக்கை எழுதிவிடலாம். மூன்றாவது கிணற்று வீட்டுப் பிள்ளையின் பல்லில் கறை ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே சராசரி வேண்டாம், கிணற்றுக்கு ஒரு தாள் கேளுங்கள். அதில் அளவு, தரத்தின் எல்லை, குடிக்கலாமா கூடாதா என்ற மூன்றும் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போக வேண்டும். கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். புளோரைட்டுக்குப் பிளாஸ்டிக் போத்தல்தான். கண்ணாடியோடு அது வினைபுரியும். அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனை வேறு: தொற்றுநீக்கிய போத்தலை அலசக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பையில் வெயிலில் போன போத்தலின் முடிவை நம்பாதீர்கள். கிணறு வற்றிக் கிடக்கும் செப்டெம்பரில் ஒரு தடவையும் மாரிக்குப் பிறகு ஒரு தடவையும் எடுக்க வேண்டும். ஒற்றை மாதிரி பாதி உண்மைதான் சொல்லும்.

வயல் மண்ணுக்கும் காலம் முக்கியம். காலபோகத்துக்கு உரம் போடுமுன், நிலம் காய்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும். டிசம்பரில் வெள்ளம் நிற்கிற, யூரியா எறிந்த வயலில் எடுத்த மண் உங்களுக்கு உதவாது. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ போதும். வரப்போரம், எருக்கும்பி, மரநிழல் வேண்டாம்.

இன்னொன்று, நன்கொடையாக வரும் இயந்திரங்கள். நீர் சுத்திகரிப்புத் தொகுதி ஒன்றைத் திறந்துவைத்துப் படம் எடுப்பது சுலபம். நமது வன்னீரில், அதாவது கடின நீரில், அதன் வடிகட்டும் சவ்வு விரைவிலேயே உப்புப் படிந்து அடைபடும். மாற்ற யார் காசு, யாருக்குப் பயிற்சி, செறிந்த கழிவுநீர் எந்த வாய்க்காலில் போகும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் வாங்காதீர்கள். கழிவுநீரைக் கிணற்றடியிலேயே விட்டால் நீக்கிய உப்பு மறுபடி நிலத்தடிக்கே போகும்.

பல்கலைக்கழகத்தாருக்கும் ஒரு வார்த்தை. பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை உதவுகிற அளவுக்கு ஊர்க் கூட்டம் உதவுவதில்லை என்பது விளங்குகிறது. ஆனாலும் ஆய்வறிக்கையை ஏற்கும்முன் "முடிவு ஊரில் வாசிக்கப்பட்டது" என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கையொப்பம் ஒன்றை பீடம் கட்டாயமாக்கலாம். அதற்குப் பணமே தேவையில்லை. தமிழ் தெரியாத மாணவர் ஊருக்கு வரும்போது தமிழ் மாணவர் ஒருவரைச் சேர்த்து அனுப்புங்கள். அரைகுறையாக விளங்கிக்கொண்டு நிரப்பிய வினாக்கொத்தால் இரு பக்கமும் ஏமாறுகிறது.

சகோதரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு இரண்டும் சேர்ந்து ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். "எங்கள் தண்ணீர் சரியில்லை" என்று எழுதினால் அனுதாபம்தான் கிடைக்கும். "எங்கள் ஊரின் இந்தப் பன்னிரண்டு கிணறுகளில் எவை குடிக்க உகந்தவை?" என்று எழுதினால் அது ஓர் ஆய்வுத் தலைப்பு. கையால் வரைந்த ஊர்ப்படம், கூட வரக்கூடிய இருவரின் தொலைபேசி எண், முடிவு வேண்டிய மாதம் மூன்றையும் சேருங்கள். பீடாதிபதிக்கு அனுப்பி, துறைத்தலைவருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி வையுங்கள். இறுதியாண்டுத் தலைப்புகள் எப்போது தெரிவாகும் என்று துறை அலுவலகத்தில் கேட்டு, அதற்கு முன்பே கொடுங்கள். பிந்தினால் இன்னும் ஒரு வருடம். பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். ஏற்கெனவே உங்கள் கிணறுகளில் எடுத்த முடிவுகளைத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையைப் பெற்றதற்கான சீட்டையும் கையோடு வாங்குங்கள், அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.