கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது எப்படி?

செஸ் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1300க்குப் பக்கத்தில் நிற்கிறது, பெரிய ஆட்டங்களை இன்ஜின் (செஸ் ஆடும் கணினி நிரல்) போட்டுப் பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, போர்டில் உட்கார்ந்தால் ஒன்றும் கைகொடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த இன்ஜினை மூடுங்கள். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவனுக்கு எல்லாக் கணக்கும் புரியத்தான் செய்யும்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு பையன் எப்போதும் போனும் கையுமாகத்தான் வருவான்.

"அண்ணாச்சி, வெள்ளைக்கு பிளஸ் மூணு காட்டுது."

"எதனாலலே பிளஸ் மூணு?"

"அது தெரியல அண்ணாச்சி. ஆனா மூணு."

வெள்ளைக்கு ஏறக்குறைய மூன்று சிப்பாய் அளவு மேல்கை என்பதுதான் அந்த எண். அவனைக் குறை சொல்ல முடியாது. நேரலையில் வர்ணனை செய்கிறவர்களே பாதி நேரம் இன்ஜின் மதிப்பைக் காட்டும் அந்தக் கோடு ஏறுவதையும் இறங்குவதையும்தான் பார்த்துக் கத்துகிறார்கள்.

என் அனுபவத்தில், பெரிய ஆட்டக்காரர்களிடம் கற்க வேண்டிய விஷயம் அவர்கள் ஆடிய மூவில் பாதிதான் இருக்கிறது. மீதி, அவர்கள் ஆடாமல் விட்ட மூவில் இருக்கிறது. நம் கண்ணுக்குச் சட்டென்று படுகிற மூவை அவர் ஏன் ஆடவில்லை? இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டால் போதும்.

ஓர் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். 2013, வைக் ஆன் சீ போட்டி. ஆரோனியன் வெள்ளை, நம் ஆனந்த் கறுப்பு. மொத்தமே 23 மூவ். ஆரோனியனின் குதிரை எச்7 (எச் என்ற நெடுவரிசையில் 7ஆவது கட்டம்) சிப்பாயைத் தின்றுவிட்டு அங்கேயே நிற்கிறது. அதைத் திரும்ப வெட்டலாம். ஆனந்த் வெட்டவில்லை, எஃப்6 குதிரையை ஜி4க்குக் கொண்டுபோகிறார். 15ஆவது மூவில் பிஷப்பை சி5இல் வைக்கிறார். டி4 சிப்பாய் அதை வெட்டலாம். அதற்கடுத்து டி7 குதிரையை இ5க்கு ஏற்றுகிறார். எஃப்4 சிப்பாய் அதையும் வெட்டலாம். ஆரோனியன் உலகின் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர், இரண்டையும் தொடவில்லை. இந்த இடத்தில் நிறுத்துங்கள். போர்டில் காய்களை அடுக்கி, இ5 குதிரையை வெட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே தேடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. விடை கிடைக்கும் வரை கீழே இருக்கும் பத்தியைப் படிக்க வேண்டாம்.

சரி, விடை. சிப்பாய் குதிரையை வெட்டினால், கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டிக்கொண்டு செக் வைக்கும். ராஜா எச்1க்கு ஒதுங்க வேண்டும். ராணி நேரே ஜி1இல் போய் விழுந்து மறுபடி செக். சி5 பிஷப் காவல் நிற்பதால் ராஜா அதைத் தொட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். அப்புறம் ஜி4 குதிரை எஃப்2க்கு வந்தால் மேட். தன் காய்களே சுற்றி அடைத்துக்கொண்டு ராஜா மூச்சுத் திணறிச் சாகும். ஆட்டத்தில் இது நடக்கவே இல்லை. மூவ் பட்டியலை மட்டும் ஓட்டிப் பார்க்கிறவருக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. இதை நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டால், ஜி4இல் குதிரையும் சி5இல் பிஷப்பும் சேர்ந்து நின்றாலே இனி உங்கள் கை பரபரக்கும். கூடவே 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டீன் அடித்த ஆட்டத்தையும் பாருங்கள். அதிலும் கறுப்பின் இரண்டு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவைக் குறி வைத்துத்தான் நிற்கும்.

இப்போதைய உச்ச ஆட்டங்களில் இருந்து தொடங்காதீர்கள் என்பது என் கட்சி. இருவரும் ஒருவர் திட்டத்தை மற்றவர் முளையிலேயே கிள்ளிவிடுவதால், என்ன திட்டம் என்றே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 2021 உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சன் நெப்போம்னியாஷியை 136 மூவ் ஆடி ஜெயித்த ஆறாவது ஆட்டம் அற்புதம்தான். 1300இல் அதை எடுத்தால் தலைவலிதான் மிச்சம்.

பழையவர்களிடம் போங்கள். 1924 நியூயார்க்கில் அப்போதைய உலக சாம்பியன் காபாபிளாங்கா, டார்டகோவர் ஆட்டம். யானை முடிவாட்டத்தில் (பெரிய காய்களில் யானைகள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம்) 35ஆவது மூவில் காபாபிளாங்கா ராஜாவை ஜி3க்கு ஏற்றுகிறார். இரண்டு சிப்பாய்களை, அதுவும் செக்கோடு, கொடுத்துவிட்டு ராஜா எச்4, ஜி5, எஃப்6 என்று நடந்தே போகிறது. போகிற வழியில் எஃப்5இல் எதிராளியின் சிப்பாய் ஒன்று வெட்டுக்குக் கிடைக்கும். வெட்ட மாட்டார். அது அங்கே நின்றால், எஃப்6இல் இருக்கும் தன் ராஜாவுக்குப் பின்னாலிருந்து யானை செக் வைக்க முடியாமல் மறைக்கும் அல்லவா? எதிரியின் சிப்பாயே குடை.

நான் வேலைக்கு அம்பாசமுத்திரம் போகிறவன். செங்கோட்டை ரயிலில் ஏறியதும் மடிக்கிற காந்தப் போர்டை எடுத்துவிடுவேன். மூவ்கள் எழுதிய தாளை இன்னொரு தாளால் மூடி, ஜெயிக்கிறவர் பக்கத்து மூவை மட்டும் ஊகித்து எழுதுவேன். எழுதிய பிறகுதான் ஒரு வரி கீழே இறக்குவது. சேரன்மகாதேவியில் தொடங்கிய யோசனை கல்லிடைக்குறிச்சி வரை நீண்ட நாளும் உண்டு. ஒரு பெரியவர் பொறுக்க மாட்டாமல், "என்ன தம்பி, ஒரே இடத்தையே பாத்துக்கிட்டு இருக்கிய, ஆடத்தான் ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

மனதில் ஊகித்தால் போதாது, எழுத வேண்டும். எழுதாவிட்டால் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனசு பசப்பும். இன்ஜினைக் கடைசியாகத் திறந்து, உங்கள் ஊகம் தவறிய இடங்களை மட்டும் கேளுங்கள். அது காட்டுகிற எண்ணை விட்டுவிட்டு, உங்கள் மூவுக்கு எதிராளி என்ன பதில் ஆடுவார் என்பதைப் பாருங்கள்.

தோற்றவர் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன 14ஆவது ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். எதிரே ஆடிய, ஒரு சிப்பாய் குறைவாக இருந்த டிங் லிரென், 55ஆவது மூவில் யானையை எஃப்2இல் வைத்து மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார். யானைகள் போனதும் குகேஷ் பிஷப்பை டி5இல் கொண்டுவந்து வைத்தார். ஏ8 மூலையில் இருந்த டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாறியது. மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான்; அதில் இரண்டுக்கு ஒன்று என்றால் கதை முடிந்தது. காயை மாற்றும் முன் "இதற்கடுத்து எது மாறும்?" என்று கேட்கும் பழக்கம் நம் பையன்களுக்கு இந்த ஒரு ஆட்டத்தில் வந்துவிட்டது.

ஓப்பனிங்கைப் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) பற்றி ஒரு வரி: உங்கள் ஆட்டத்தில் வராத ஓப்பனிங் என்றால் முதல் பத்து மூவை வேகமாக ஓட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். ஆனந்தின் அந்த 23 மூவிலேயே தொடங்கலாம். பாதி விடையை நான் சொல்லிவிட்டேன்; சி5 பிஷப்பை வெட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.