ஓமோன் சிகிச்சையும் மறதிநோயும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

மாதவிடாய் நின்ற பின், உடலிற் குறைந்துவிடும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஓமோனை ஈடுசெய்ய எடுக்கும் ஓமோன் சிகிச்சையைப் பற்றிச் சென்ற முறை எழுதியதன் பின் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை மறதிநோயைப் பற்றியே கேட்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 67; மாதவிடாய் நின்று 16 வருடங்களாகின்றன. ஓமோன் எடுத்தால் ஞாபகசக்தி குறையாது என்று இலண்டனில் இருக்கும் மகள் சொல்கிறாள். இப்போது தொடங்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: வேண்டாம். மறதியைத் தடுப்பதற்கென்று எந்த வயதிலும் ஓமோன் தொடங்கக் கூடாது. அறுபத்தைந்தைக் கடந்த பின் குளிசையாகப் புதிதாகத் தொடங்கினால் பக்கவாதத்துக்கும் இரத்தக் கட்டிக்கும் உள்ள ஆபத்து வேறு கூடும்.

கேள்வி: ஓமோன் குளிசை பாவிக்கிறேன். மூளைக்கு ஆபத்தா? உடன் பதில் தரவும். (தெஹிவளை)

பதில்: உங்கள் வயதென்ன, எந்த வயதில் தொடங்கினீர்கள், குளிசையின் பெயரென்ன, கர்ப்பப்பை இருக்கிறதா? இந்த நான்கையும் எழுதாமல் உடன் பதில் கேட்பவர்களுக்கு உடனும் பதிலில்லை, பிறகும் பதிலில்லை. ஒவ்வொரு முறையும் இதை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 51 வயது. உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதாலும் இரவில் நித்திரையில்லாததாலும் ஒரு வருடமாக ஓமோன் எடுக்கிறேன். அதனால் மறதிநோய் இரு மடங்காகும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, மூன்று நாட்களாகக் குளிசையை நிறுத்தியிருக்கிறேன். செய்தது சரியா? (கொட்டாஞ்சேனை)

பதில்: மருத்துவரைக் கேளாமல் நிறுத்தியது சரியல்ல. ஆனால் உங்களைவிட, எதற்கு இரு மடங்கு என்பதைச் சொல்லாமல் அச்செய்தியை அனுப்பியவர்மீதுதான் எனக்குக் கோபம். ‘இரு மடங்கு’ என்பது அமெரிக்காவின் வுமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் ஒரு பிரிவிலிருந்து 2003இல் வெளிவந்த முடிவு. அதில் பங்குபற்றிய சுமார் 4,500 பெண்களும் 65 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பெறப்படும் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் வகை ஓமோனான மெட்ரொக்சிபுரோஜெஸ்டிரோனும் சேர்ந்த குளிசை ஒரு சாராருக்கும், மருந்தில்லாத வெறுங்குளிசை மறுசாராருக்கும் கொடுக்கப்பட்டன. வெறுங்குளிசை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 22 பேர் அளவிலும், ஓமோன் எடுத்தவர்களில் 45 பேர் அளவிலும் மறதிநோய்க்கு ஆளாகினர். இரு மடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாக நோயுற்றவர்கள் 10,000 பேருக்கு 23 பேர் மட்டுமே, அவர்களும் உங்கள் தாயின் வயதினர். அடிப்படை எண்ணை மறைத்துவிட்டு மடங்கை மட்டும் சொல்வது, மாதச் சம்பளம் எவ்வளவென்று சொல்லாமல் ‘சம்பளம் இரு மடங்காகிவிட்டது’ என்று பெருமை பேசுவதைப் போன்றது. இவ்வாறான செய்தியொன்று பரவும்போதெல்லாம் குளிசையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சில மாதங்கள் நித்திரையின்றி அவதிப்பட்ட பின் கிளினிக்குக்கு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் வயதினரிடம் செய்யப்பட்ட கீப்ஸ் என்னும் ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளுக்குள் ஓமோன் தொடங்கி, நான்கு ஆண்டுகள் எடுத்த பெண்களைச் சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பரிசோதித்தபோது, அவர்களின் ஞாபகசக்தி வெறுங்குளிசை எடுத்தவர்களின் ஞாபகசக்தியைவிடக் கூடியிருக்கவுமில்லை, குறைந்திருக்கவுமில்லை. 2023இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வொன்று, 55 வயதுக்கு முன் எடுத்தவர்களிடமும் மறதிநோய் சற்றுக் கூடுதலாக இருந்ததாகக் கூறியது உண்மையே. ஆயினும் அது மருந்துப் பதிவேடுகளை வைத்துப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. நித்திரையின்மையாலும் மனக்குழப்பத்தாலும் ஏற்கெனவே வருந்தியவர்களே ஓமோனைக் கேட்டு வாங்கியிருக்கவும் கூடும் என்பதால், நோய்க்குக் காரணம் ஓமோன்தான் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. உங்களுக்குக் கர்ப்பப்பை இருந்தால், அதில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது என்பதை மட்டும் மறவாதீர்கள். மற்றவற்றை உங்கள் மருத்துவருடன் ஆண்டுக்கொரு முறை பேசித் தீர்மானிக்கலாம்.

கேள்வி: 42 வயதில் கர்ப்பப்பையையும் இரு சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். ஓமோன் எடுக்கச் சொன்னார்கள். மறதி வருமென்ற பயத்தால் எடுக்கவில்லை. (மட்டக்குளி)

பதில்: பயத்தைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். இந்த வயதில் சூலகங்கள் திடீரென இல்லாமற்போவதே எலும்புக்கும் இதயத்துக்கும், பல அவதானிப்பு ஆய்வுகளின்படி ஞாபகசக்திக்கும் கேடு. மார்புப் புற்றுநோய் போன்ற தடையெதுவும் இல்லையெனில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் 50 வயதளவு வரையாவது ஓமோன் எடுப்பதே பொதுவான பரிந்துரை. கர்ப்பப்பை இல்லாதபடியால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் புள்ளிவிவரம் உங்களுக்கானதல்ல. இந்த மாதமே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: எழுபது வயதில் யோனி வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் பூசினாலும் மறதி வருமா? (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: வராது, குறைந்த அளவில் பூசும் கிரீமிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

கேள்வி: அமெரிக்காவில் ஓமோன் மருந்துகளின் பெட்டியிலிருந்த எச்சரிக்கையையே எடுத்துவிடுகிறார்களாமே? அப்படியானால் எல்லோரும் எடுக்கலாம்தானே? (பம்பலப்பிட்டி)

பதில்: முதற்பாதி சரி. இதயநோய், மார்புப் புற்றுநோய், மறதிநோய் ஆகியவை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்குவதாக 2025 நவம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பதால் வரும் கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை அப்படியே இருக்கிறது; கர்ப்பப்பை உள்ளவர்கள் இதை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். இரண்டாம் பாதி பிழை. எச்சரிக்கையை எடுத்தார்கள் என்பதற்காக அது மூளைக்குச் சத்து மருந்தாகிவிடாது.

கேள்வி: 49 வயது. ஆட்களின் பெயர் வாயில் வருவதில்லை, அடுப்பில் வைத்ததை மறக்கிறேன். மறதிநோய் தொடங்கிவிட்டதா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: பெரும்பாலும் இல்லை. மாதவிடாய் முற்றுப்பெறும் காலத்தில் பலருக்கும் வரும் தடுமாற்றமே இது. தைரொய்ட்டையும் பி12 விற்றமினையும் பரிசோதியுங்கள். தடிமனுக்கும் கடிக்கும் பாமசியில் வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையையோ, நித்திரைக்கென்று அமிட்ரிப்டிலினையோ நாளாந்தம் விழுங்குபவராயின் முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இவ்விரண்டும் ஞாபகத்தை மந்தமாக்கக் கூடியவை.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, மறதிநோய் என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருடங்களுக்கு முன் மூன்று வருடம் ஓமோன் எடுத்தவர். அதுதான் காரணமா? (வத்தளை)

பதில்: தனியொருவருக்கு இதுதான் காரணமென்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது, 54 வயதில் எடுத்து நிறுத்திய ஓமோன்மீது பழிபோட ஆதாரமும் இல்லை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு வெளியிட்ட, மறதிநோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணிகளின் பட்டியலில் உயர் குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்ட்ரோல், செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு ஆகியவை இருக்கின்றன, ஓமோன் இல்லை. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று எவரும் பரிசோதித்தார்களா என நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் செய்யுங்கள்.